முகத்தைப் பிடித்து இழு! – சாலிட் மாடலிங்கின் கதை

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள்: "ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம்ப்பா, அது ஏற்கெனவே கட்டுக்கட்டாய் வந்து குவிந்துவிட்டது." நல்லதாய்ப் போயிற்று. நான் தினமும் சோறு தின்கிற தொழிலைப் பற்றியே எழுதுகிறேன். நம் கல்லூரியிலிருந்து வெளியே வந்த மெக்கானிக்கல்காரர்களில் நிறையப் பேருக்குப் பொழுது விடிவது ஒரு 'கேட்' ஸ்கிரீன் முன்னால்தான். கேட் என்றால் வாசல் கேட் இல்லை; இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து வடிவமைக்கிற சாஃப்ட்வேர். எலெக்ட்ரிகல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் கணக்கு கொஞ்சம், கதைதான் அதிகம்.

ஒரு பாகத்தின் மாடலில் ஒரு முகத்தை மவுஸால் பிடித்து, அப்படியே இழுத்து, வேண்டிய இடத்தில் விடுவது. இதற்கு 'டைரக்ட் எடிட்டிங்' என்று பெயர். 2008 வாக்கில் இதைப் புத்தம்புதுப் புரட்சி என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் இது புதுசே இல்லை. சாலிட் மாடலிங் பிறந்த வீட்டிலேயே இருந்த பழைய பாத்திரம். நடுவில் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலானவர்கள் அதைப் பரணில் போட்டுவைத்திருந்தார்கள். ஏன் பரணுக்குப் போனது, யார் இறக்கினார்கள், இறக்கியதில் நமக்கு என்ன லாபம், என்ன ஆபத்து – இதுதான் கட்டுரை.

சாம்பாரும் சமையல் குறிப்பும்

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை எழுதினார். டி.எக்ஸ்-2 என்ற கம்ப்யூட்டரின் திரைமேல் ஒளிப்பேனாவை வைத்து நேராகக் கோடு போடலாம். கேட் வம்சத்துக்கு அவர்தான் மூத்த தாத்தா. ஆனால் அது கோடுகளின் உலகம். கோடுகளால் ஒரு பெட்டி வரைந்தால் அது கம்பிக்கூண்டு மாதிரி நிற்கும். எது உள்ளே, எது வெளியே, எடை எவ்வளவு என்று கேட்டால் கம்ப்யூட்டருக்குப் பதில் தெரியாது.

பொருளைக் கெட்டியான பொருளாகவே கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் பல இடங்களில் ஒரே சமயத்தில் முயன்றார்கள். அதில் இரண்டு வழிகள் உண்டாயின.

முதல் வழி, செய்முறையை எழுதிவைப்பது. "ஒரு கட்டையை எடு, அதிலிருந்து ஓர் உருளையைக் கழி, பக்கத்தில் இன்னொரு கட்டையைச் சேர்" – இந்தக் குறிப்புதான் மாடல். அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வோல்க்கரும் அரிஸ்டைடிஸ் ரெக்கிச்சாவும் 'பேடல்' என்ற அமைப்பை இந்த வழியில் செய்தார்கள்.

இரண்டாவது வழி, பொருளின் தோலை எழுதிவைப்பது. எத்தனை முகங்கள், எந்த முகம் எந்த விளிம்பில் எதோடு ஒட்டுகிறது, முனைகள் எங்கே என்பதுதான் மாடல். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில், சார்லஸ் லாங் நடத்திய குழுவில், இயான் பிரெய்ட் என்பவர் 'பில்ட்' என்ற மாடலரை இப்படி உருவாக்கி 1973-ல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தார்.

நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், முதலாவது சமையல் குறிப்பு. இரண்டாவது அடுப்பில் இருக்கிற சாம்பார். உப்பு கூடிப்போச்சு என்று வையுங்கள். குறிப்புக்காரர், மூன்றாவது வரியில் உப்பின் அளவைத் திருத்திவிட்டு, பருப்பு வேகவைப்பதிலிருந்து மறுபடி தொடங்குவார். சாம்பார்க்காரர் ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக் கொதிக்கவிடுவார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. கேட் சாஃப்ட்வேரின் ஐம்பது வருஷச் சண்டை முழுக்க இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான்.

ஒரு முகம் நகரும்போது என்ன நடக்கிறது?

1974-ல் பிரெய்ட், லாங், ஆலன் கிரேயர், பீட்டர் வீன்மன் ஆகியோர் கேம்பிரிட்ஜிலேயே 'ஷேப் டேட்டா' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1978-ல் அவர்களுடைய 'ரோமுலஸ்' வந்தது. மற்ற சாஃப்ட்வேர்களுக்குள் எஞ்சினாக வைக்கக்கூடிய இந்த மாதிரிப் புரோகிராமுக்குக் 'கெர்னல்' என்று பெயர். வியாபாரத்துக்கு வந்த முதல் சாலிட் மாடலிங் கெர்னல் இது.

இந்த கேம்பிரிட்ஜ் பரம்பரையில் 'லோக்கல் ஆபரேஷன்' என்றொரு வகை உண்டு. முழுப் பொருளையும் தொடாமல், ஒரு முகத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் திருத்துவது. அதில் ஒன்றுக்கு 'ட்வீக்' என்று பெயர். லேசாகத் திருகிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை எப்படி நடக்கிறது? 100 மி.மீ. நீளம், 60 அகலம், 40 உயரம் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். 6 முகம், 12 விளிம்பு, 8 முனை. முனையிலிருந்து விளிம்பைக் கழித்து முகத்தைக் கூட்டினால், 8 – 12 + 6 = 2. ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்த சூத்திரம். இப்போது மேல்முகத்தை 5 மி.மீ. தூக்குகிறோம். மேல்முகத்தின் தளம் மட்டும் மாறுகிறது. அந்தத் தளமும் பக்கவாட்டுத் தளங்களும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் விளிம்பு. மூன்று தளங்கள் சந்திக்கும் இடம்தான் முனை. ஆகவே நாலு விளிம்பையும் நாலு முனையையும் புதிதாகக் கணக்குப் போட்டால் போதும். எண்ணிக்கை எதுவும் மாறவில்லை, யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பதும் மாறவில்லை. உயரம் 45 ஆயிற்று, அவ்வளவுதான்.

சிக்கல் எப்போது வரும்? பக்கத்து வீட்டுக்காரர் மாறும்போது. கட்டையில் பாதி ஆழத்துக்கு ஒரு வட்டத் துளை இருக்கிறது. கட்டையின் 6 முகம், துளையின் சுவர், துளையின் அடித்தளம், மொத்தம் 8. அடித்தளத்தைப் பிடித்துக் கீழே தள்ளிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கட்டையின் அடிமுகத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்போது அடித்தளம் என்ற முகமே இல்லை. மொத்தம் 7 ஆகிறது, அடிமுகத்தில் ஓர் ஓட்டை விழுகிறது. இந்த மாதிரி மாற்றத்தைக் கெர்னல் தானே கண்டுபிடித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். சில வேலை நடக்கவே நடக்காது. அதே கட்டையின் ஒரு முனை முகத்தை அழித்து, "பக்கத்து முகங்களை நீட்டி மூடிக்கொள்" என்றால், அவையெல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகவும் குறுக்காகவும் போகிற தளங்கள். ரயில் தண்டவாளம் மாதிரி எவ்வளவு தூரம் போனாலும் சேர்ந்து மூடாது. கெர்னல் கையை விரித்துவிடும்.

பழைய கம்ப்யூட்டர்களில் இந்தக் கணக்குகள் மெதுவாக நடந்தன, அடிக்கடி சறுக்கின. பயன்படுத்துகிறவருக்கு முன்னால் மவுஸோ நல்ல திரையோ இல்லை. கருத்து சரி, காலம் கூடிவரவில்லை.

லெனின்கிராட்காரர் நட்ட மரம்

இந்த நேரத்தில் மேடைக்கு வந்தவர் சாமுவேல் கைஸ்பர்க். சோவியத் லெனின்கிராடில் கணிதம் கற்பித்துவிட்டு 1974-ல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். 1985-ல் 'பாராமெட்ரிக் டெக்னாலஜி' என்ற கம்பெனியை ஆரம்பித்தார். சுருக்கமாகப் பி.டி.சி. எண்பதுகளின் கடைசியில் அவர்களுடைய 'ப்ரோ-எஞ்சினியர்' வந்து தொழிலையே புரட்டிப்போட்டது. நாம் 'ப்ரோ-ஈ' என்று செல்லமாகக் கூப்பிட்டது இதைத்தான்.

அவர் செய்தது சமையல் குறிப்பையும் சாம்பாரையும் ஒன்றாக வைத்தது. உள்ளே தோல்தான் மாடல். ஆனால் அது எப்படி உண்டாயிற்று என்ற வரலாறு, படிப்படியாக, ஒரு மரமாகப் பக்கத்தில் நிற்கும். முதலில் ஸ்கெட்ச், அப்புறம் அதை இழுத்த கட்டை, அதன்மேல் துளை, விளிம்பில் ஃபில்லட். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர். ஓர் அளவை மாற்றினால் மரம் வேரிலிருந்து மறுபடி வளர்ந்து புதுப் பாகமாக நிற்கும். டிராயிங்கும் கூடவே மாறும்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான யோசனை. ஒரே பம்பை நாலு சைஸில் செய்கிற கம்பெனிக்கு இது வரம். அதனால்தான் எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். 1995-ல் சாலிட்வொர்க்ஸ் வந்து, அதே மரத்தைச் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் நட்டது. நாம் கல்லூரி லேபில் படித்ததும் மரம்தான். முகத்தை நேராகத் தொடுவது என்ற பழக்கம் பரணுக்குப் போனது இப்படித்தான்.

மரத்தில் ஒரு பூச்சி இருந்தது. "இந்த விளிம்பில் 3 மி.மீ. ஃபில்லட் போடு" என்று நாம் மவுஸால் தொட்டுக் காட்டுகிறோம். சாஃப்ட்வேர் அந்த விளிம்புக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துக் குறித்துக்கொள்கிறது. அப்புறம் யாரோ மேலே போய் ஸ்கெட்சில் ஒரு கோட்டைச் சேர்க்கிறார்கள். மரம் மறுபடி வளரும்போது பழைய விளிம்பு இரண்டாகப் பிளந்திருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். ஃபில்லட் தன் விளிம்பைத் தேடித் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்கும். அதை நம்பியிருந்த அடுத்த ஃபீச்சரும் விழும். இதற்கு 'டோபலாஜிகல் நேமிங்' சிக்கல் என்று பெயர். தொண்ணூறுகளிலிருந்து ஆய்வாளர்கள் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். இலவச சாஃப்ட்வேரான ஃப்ரீகேட், இதற்கு ஓரளவு மருந்து போட்டுத் தன் 1.0 பதிப்பை வெளியிட்டது 2024 நவம்பரில்தான் என்றால் பாருங்களேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு கியர்பாக்ஸ் ஹவுசிங் இருந்தது. நூற்றுக்கணக்கான ஃபீச்சர். செய்தவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம். ஒரு சுவரின் தடிமனை 8-லிருந்து 7 ஆக்க வேண்டும். மாற்றினால் மரத்தில் பாதிக்கு மேல் சிவப்பாய்ப் பழுத்துவிடும். பாகம் எங்கள் கையில்தான் இருந்தது. அதைத் திருத்துகிற உரிமை மட்டும், போன மனிதரோடு போய்விட்டது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதன் மையம் இதுதான். மரம் என்பது நட்டவருடைய மூளையின் படம். அவர் பக்கத்தில் இருக்கும்வரை சொர்க்கம்.

எல்லை தாண்டும் ஃபைல்கள்

மரத்தை வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஜெர்மனியில் போப்ளிங்கன் ஊரில் ஹ்யூலட்-பேக்கார்டின் பிரிவு ஒன்று, 1992-ல் 'சாலிட்-டிசைனர்' என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டது. வரலாறு கிடையாது. மாடலைப் பார், முகத்தைப் பிடி, நகர்த்து. அதன் உள்ளே இருந்த கெர்னல் 'ஏசிஸ்'. அதை எழுதியவர்கள்? நம் பழைய கேம்பிரிட்ஜ் கூட்டணி பிரெய்ட், கிரேயர், லாங் மூவரும்தான். ஷேப் டேட்டாவை விட்டு வெளியே வந்து, அமெரிக்காவின் ஸ்பேஷியல் கம்பெனிக்காகச் செய்தது. ஆலன், சார்லஸ், இயான் என்ற முதலெழுத்துகள் அந்தப் பெயரிலேயே ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். இந்த ஜெர்மன் பிரிவு பிறகு 'கோகிரியேட்' என்ற தனிக் கம்பெனி ஆயிற்று. ஒரே ஒரு தடவை செய்கிற இயந்திரங்களை வடிவமைப்பவர்கள் இதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். தனித்தனியாகச் செய்கிற மெஷினுக்குக் குடும்ப வரலாறு எதற்கு?

ஆனால் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது வேறொன்று: ஃபைல் பரிமாற்றம். 1994-ல் 'ஸ்டெப்' என்ற சர்வதேசத் தரம் வெளியானது. எந்த சாஃப்ட்வேரில் செய்த மாடலையும் இன்னொன்றில் திறக்கலாம். ஆனால் அதில் போவது தோல் மட்டும். மரம் வராது. ஒரு கம்பெனி வடிவமைக்கும், இன்னொன்று வார்க்கும், மூன்றாவது கடையும் என்று வேலை ஊர் ஊராய், நாடு நாடாய்ப் பிரியப் பிரிய, பெற்றவர் யாரென்று தெரியாத மாடல்கள் குவிந்தன. அவற்றைத் தொழிலில் 'ஊமை மாடல்' என்றே சொல்வோம்.

கோவைப் பக்கம் ஃபவுண்டரி சம்பந்தப்பட்ட நண்பர்களுக்கு இது தினசரி அனுபவம். வெளிநாட்டு வாடிக்கையாளர், கடைந்து முடித்த பாகத்தின் ஸ்டெப் ஃபைலை அனுப்புகிறார். நமக்கு வேண்டியது வார்ப்பு மாடல். என்னென்ன செய்ய வேண்டும்? கடைகிற முகங்களில் 3 மி.மீ. மெட்டீரியல் சேர்க்கணும்: அது முகத்தை வெளியே நகர்த்துவது. டிரில் போடுகிற சின்னத் துளைகளை மூடணும்: அது முகங்களை அழித்துக் காயத்தை ஆற்றுவது. பேட்டர்ன் மணலிலிருந்து வழுக்கி வர டிராஃப்ட் கொடுக்கணும்: அது முகத்தைச் சாய்ப்பது. 40 மி.மீ. உயரச் சுவரை 1 டிகிரி சாய்த்தால் ஒரு நுனி 0.7 மி.மீ. நகரும். மூன்றும் முகத்தின்மேல் செய்கிற வேலை. மரத்துக்கு இங்கே வேலையே இல்லை.

ஊமை மாடலைப் பேசவைக்கிற முயற்சியும் நடந்தது. முகங்களைப் பார்த்து "இது துளை, இது ரிப்" என்று ஊகித்து மரத்தைத் திரும்ப நடுகிற சாஃப்ட்வேர்கள் வந்தன. சாலிட்வொர்க்ஸோடு வருகிற 'ஃபீச்சர்வொர்க்ஸ்' அந்த வகை. அதைச் செய்தது மும்பையின் ஜியோமெட்ரிக் கம்பெனி. நம் நாட்டுக் கைவண்ணம் இந்தக் கதையில் இருப்பது நமக்குப் பெருமைதான்.

பரணிலிருந்து இறக்கியது

அப்புறம் நாலைந்து வருஷத்தில் எல்லாம் மளமளவென்று நடந்தது. 2005-ல் தொடங்கிய 'ஸ்பேஸ்கிளெய்ம்' 2007-ல் தன் சாஃப்ட்வேரை வெளியிட்டது. இழு, நகர்த்து, மூடு, சேர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில கருவிகளே அதன் அடிப்படை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மைக் பெயின். அவர் யார் தெரியுமோ? பி.டி.சி.யின் ஆரம்ப காலத்தில் மென்பொருள் உருவாக்கத்தை நடத்தியவர், பிறகு சாலிட்வொர்க்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். மரத்தை நட்டு வளர்த்த அதே மனிதர், மரம் இல்லாத சாஃப்ட்வேரோடு வந்து நின்றார்!

அதே 2007-ல் பி.டி.சி., 25 கோடி டாலர் கொடுத்து கோகிரியேட்டையே வாங்கிவிட்டது. 2008 ஏப்ரலில் சீமென்ஸ், தன் சாலிட் எட்ஜ், என்.எக்ஸ். இரண்டுக்கும் 'சிங்க்ரனஸ் டெக்னாலஜி' என்று அறிவித்தது. 2009-ல் ஆட்டோடெஸ்க் 'இன்வென்டர் ஃப்யூஷன்' என்று முன்னோட்டம் காட்டியது. 2010 அக்டோபரில் பி.டி.சி. தன் ப்ரோ-ஈ பெயரையே எடுத்துவிட்டு, மரமும் நேரடித் திருத்தமும் கலந்த 'கிரியோ'வை அறிவித்தது. 2014-ல் ஸ்பேஸ்கிளெய்மை 8.5 கோடி டாலருக்கு ஆன்சிஸ் வாங்கியது. ஸ்ட்ரெஸ் கணக்குப் போடுகிறவர்களுக்குச் சின்ன ஃபில்லட்டையும் துளையையும் சட்டென்று துடைத்துவிட்டு மெஷ் போட இதைவிட வசதி வேறில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்பேஸ்கிளெய்ம் அப்போது ஓடியது ஏசிஸ்மேல். சீமென்ஸ் சாஃப்ட்வேர்கள் ஓடுவது ரோமுலஸின் வாரிசான 'பாராசாலிட்' மேல். போட்டியாளர்கள் இருவருக்கும் குலதெய்வம் ஒரே கேம்பிரிட்ஜ் ஆய்வகம்!

தற்செயலா, வேண்டுமென்றா?

அப்போ எல்லாம் சுபமா? இல்லை. முகத்தைப் பிடித்து இழுப்பவருக்கு ஒரு புது ஆபத்து இருக்கிறது.

சிங்க்ரனஸ் முறையில் 'லைவ் ரூல்ஸ்' என்று ஒன்று உண்டு. ஒரு முகத்தை நகர்த்தினால், அதே தளத்தில் இருக்கிற மற்ற முகங்களையும், ஒரே மைய அச்சில் இருக்கிற துளைகளையும், சமச்சீரான ஜோடியையும் சாஃப்ட்வேரே தேடிப் பிடித்துக் கூடவே நகர்த்தும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இரண்டு பேடுகள் ஒரே உயரத்தில் இருப்பது, மோட்டார் ஆடாமல் உட்கார வேண்டும் என்பதற்காகவா, இல்லை யதேச்சையாக அப்படி அமைந்ததா? தோலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஜோசியம்தான் சொல்ல முடியும். அந்த ரூலை வைப்பதா எடுப்பதா என்பதை மவுஸ் பிடித்தவர்தான் தீர்மானிக்கணும்.

இன்னொன்று. 6206 பேரிங் நம் எல்லோருக்கும் தெரிந்தது. உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. ஹவுசிங்கில் 62 மி.மீ. துளையின் சுவரை யாரோ லேசாக இழுத்து 62.5 ஆக்கிவிட்டார் என்று வையுங்கள். மாடல் சுத்தமாக இருக்கும். ஆய்லர் கணக்கு சரியாக வரும். ஒரு சிவப்பு விளக்கும் எரியாது. பேரிங் மட்டும் குழிக்குள் லொடலொட என்று ஆடும். மரத்தில் பிழை நடந்தால் அது கத்தும். முகத்தில் பிழை நடந்தால் மௌனமாக ஷாப் ஃப்ளோர் வரை போகும். மரமும் இதை முழுசாகத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செய்தவர் அந்த அளவுக்கு 'பேரிங் குழி' என்று பெயர் வைத்திருந்தால்தான் உண்டு. ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் தன்னால் விழும்படி விட்டிருந்தால், மரமும் ஊமைதான்.

ஆக, ஐம்பது வருஷம் சண்டை போட்டு இரண்டு கட்சியும் சமாதானமாகிவிட்டன. இப்போது பெரிய சாஃப்ட்வேர்கள் பலவற்றில் மரமும் உண்டு, முகத்தைப் பிடித்து இழுக்கவும் முடியும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டிலும் தன்னால் பதில் வராது: இந்த அளவு ஏன் இப்படி இருக்கிறது?

படிப்பை முடித்து வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் கைக்கு வரப்போகும் மாடல்களில் பெரும்பாலானவை யாரோ செய்தவை. நீங்கள் செய்தவையும் நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்கு உங்கள் போன் நம்பர்கூடத் தெரியாது. அதனால் மெனுக்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். முகம், விளிம்பு, முனை எப்படிச் சேர்ந்து ஒரு பொருளாகின்றன என்று ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேர் கையை விரிக்கும்போது காரணம் தானே புரியும். முக்கியமான அளவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது எதற்காக என்று ஒரு வரி எழுதிவையுங்கள். "6206 உட்காரும் இடம், தொடாதே." எழுத அரை நிமிஷம்கூட ஆகாது.